ஃபோசிலும் இரண்டாவது தேங்காயும்

உங்கள் வாட்ஸ்அப் குழுவில் எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். யார் போட்டுக் கொடுத்தது என்று ஒருவரை ஒருவர் முறைக்க வேண்டாம். அந்தக் குழுவில் பாதிப் பேரை நேர்முகத் தேர்வில் எடுத்தவளே நான்தான், ஒருவர்கூடவா என்னிடம் சொல்லியிருக்க மாட்டார்? ஃபோசில். புதைபடிவமாம். பக்கத்தில் ஒரு டைனோசர் பொம்மை வேறு. பிள்ளைகளே, நீங்கள் வேலை பார்ப்பது ஈப்போவின் சுண்ணாம்புக்கல் மலையில். இந்த மலைக் கல் டைனோசர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே கடலடியில் படிந்தது. கேலி செய்தாலும் நிலவியல் தெரிந்து கேலி செய்யுங்கள்.

ஓய்வு பெற்றுப் போகிற நேரத்தில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். பாறையில் துளை எப்படிப் போடுவது, வெடிமருந்து எவ்வளவு வைப்பது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதை நான் எழுதினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். ஆகவே அந்தப் பெயரைப் பற்றியே எழுதுகிறேன். அது என்னுடைய பெயர் அல்ல. எனக்கு முன்னால், இதே குவாரியில், இதே மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவருடையது.

அவர் உண்மைப் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் போன் போட்டுத் திட்டுவார். நான் அவரை 'அண்ணே' என்று கூப்பிட்டேன், எல்லாருமே அப்படித்தான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால்தான் ஃபோசில். சித்தியவான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டதும் ஈப்போவுக்கு வந்து, வெடி வைப்பவருக்குக் கையாளாகச் சேர்ந்து மேனேஜர் ஆனவர். நான் இங்கே நிலவியலாளராக வந்து சேர்ந்தபோதே அவருக்கு ஓய்வு வயது தாண்டியிருந்தது. ஆண்டுக்கு ஒரு முறை ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு வேலையில் இருந்தார். கழுத்தில் எப்போதும் ஒரு விசில். மின்சாரச் சங்கு வந்த பிறகும் விசில் போகவில்லை. சங்கு ஊதும், ஓய்ந்ததும் இவர் ஊதுவார். இளவட்டங்கள் சிரிக்கும். அவர் காதில் வாங்கவே மாட்டார்.

ஒரு தடவை பெரிய முதலாளி வெளியூர் விருந்தாளிகளோடு வந்தார். சங்கு ஊதியாகிவிட்டது, வாசல் தடுப்பு இறங்கிவிட்டது. காருக்குள்ளிருந்து ஹாரன் மேல் ஹாரன். அண்ணன் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அங்கேயே இருங்க முதலாளி. கல்லு பறந்து வந்தா இது யாரு காருன்னு பாத்துட்டு விழாது லா," என்றார். விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். முதலாளியும் வேறு வழியில்லாமல் சிரித்தார். வெடித்து, புகை அடங்கி, இவர் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து விசில் ஊதிய பிறகுதான் தடுப்பு தூக்கப்பட்டது.

மலையடிவாரத்தில் தகரக் கூரை போட்ட முனியாண்டி சாமியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெடி வைக்கிற நாள் காலையில் அங்கே ஒரு தேங்காய் உடைப்பது அன்றைக்கும் வழக்கம், இன்றைக்கும் வழக்கம். நம் ஆட்கள் ஆளுக்கு ஒரு சில்லு வாயில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள். மலாய்க்கார நண்பர்கள் சாப்பிட மாட்டார்கள், ஆனால் "கெலாப்பா சுடா?", அதாவது தேங்காய் ஆயிற்றா என்று கேட்காமல் அவர்களும் மேலே ஏற மாட்டார்கள். உடைத்துவிட்டால் அன்றைக்கு வெடித்தே ஆகவேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவர் அண்ணன்தான். நான் வருவதற்கு முன்பு ஒரு தடவை தேங்காய் உடைத்த பிறகு வெடியைத் தள்ளிப் போட்டார்களாம், அடுத்த சில நாளிலேயே ஒருவர் காலில் பாறை விழுந்துவிட்டதாம். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் ஒரு நாள் கேட்டேன். "சம்பந்தம் இருக்கோ இல்லியோ, பயந்த மனசோட ஒருத்தன் மேல ஏறினா அவன் கால் தடுக்கும்மா," என்றார்.

இனி அந்த நாள்.

அந்த வாரம் சித்தியவான் போகிற சாலையில் ஒரு பகுதியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. ஜனங்கள் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். சாலை போடக் கல் வேண்டும், அந்தக் கல்லை நாம்தான் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தோம். காலையிலிருந்தே லாரிகள் வரிசை கட்டி நின்றன. தேங்காய் உடைத்தாயிற்று. மருந்து வண்டி, போலீஸ் காவலோடு கிளம்பிவிட்டதாகச் செய்தியும் வந்துவிட்டது. துளைகள் எல்லாம் தயார், கடைசி ஒன்றைத் தவிர.

அந்தக் கடைசித் துளையைப் போட்டுக்கொண்டிருந்தவர் டின் என்ற மலாய்க்காரர். கைதேர்ந்த ஆள். திடீரென்று இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மேடம், சினி கொசொங்," என்றார். உள்ளே காலி, தண்டு சட்டென்று கீழே இறங்கிவிட்டது என்று கையால் காட்டினார். சுண்ணாம்புக்கல்லில் காலியிடம் என்றால் குகை. தெரியாமல் அதில் மருந்தைக் கொட்டினால் கல் எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் நான் போய்ப் பார்த்தேன், வேறு எதையும் தேடிப் போகவில்லை.

பாறையின் பக்கவாட்டில் ஒரு பிளவு இருந்தது. கை விளக்கை உள்ளே நீட்டி, தலையையும் தோளையும் நுழைத்தேன். உள்ளே ஒரு சின்ன அறை. அதன் ஒரு பக்கச் சுவர் முழுக்கச் சிவப்பு மண், கல்லாக இறுகிய மண். அதில் ஒரு தாடை, பல் வரிசையோடு, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னும் சில எலும்பு முனைகள். பல்லின் மேல்பகுதியில் நெருக்கமாகச் சுருக்கம் சுருக்கமாகக் கோடுகள். பல்கலைக்கழகத்தில் படங்களில் பார்த்திருந்த மனிதக்குரங்குப் பல் மாதிரி இருந்தது. ஆனால் படத்தில் பார்ப்பதும், தலையைத் திருப்பக்கூட இடமில்லாத பிளவுக்குள் பார்ப்பதும் ஒன்றல்ல.

இறங்கி வந்தேன். அண்ணன் முனியாண்டி கொட்டகை ஓரமாக நின்று பிளாஸ்டிக் பையில் பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"தேங்காய் உடைச்சாச்சேம்மா," என்றார் முதலில். கோபமில்லை. நடந்ததைச் சொல்கிற குரல்.

"தெரியும் அண்ணே."

"வா, பாப்போம்."

அந்த வயதில் அவ்வளவு தூரம் ஏறி, அந்தப் பிளவுக்குள் அவரும் தலையை விட்டார். வெளியே அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. பிறகு உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"இது யாரு?"

எது என்று கேட்கவில்லை. யார் என்று கேட்டார். அந்த ஒரு சொல்லுக்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது.

"ஓராங் ஊத்தானா இருக்கலாம் அண்ணே. ரொம்ப ரொம்பப் பழசு. மனுஷனா இருக்கவும் வாய்ப்பு இருக்கு."

வெளியே வந்து, சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டினார். "நம்ம பேராக் மாநிலத்துல ஏதும்மா ஓராங் ஊத்தான்? சரி, பேத்து எடுத்துட்டு வெடிக்கலாமா?"

"எடுத்தா வெறும் பல்லுதான் அண்ணே. எந்த மண்ணுல, எது பக்கத்துல, எவ்வளவு ஆழத்துல கிடந்துச்சுன்னு பாத்தாத்தான் அது எப்ப வாழ்ந்துச்சு, எப்படி உள்ள வந்துச்சுன்னு சொல்ல முடியும். அவசரத்துல பேத்தா அதெல்லாம் போயிடும்."

இதை அவருக்கு இன்னும் விளக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். தேவைப்படவில்லை. "விபத்து நடந்த இடத்த கூட்டக்கூடாதுன்னு நான் கத்துவேனே, அது மாதிரி," என்றார். குவாரியில் ஏதாவது அசம்பாவிதம் என்றால் ஒரு கல்லைக்கூட நகர்த்த விடமாட்டார். எந்தக் கல் எங்கே விழுந்தது என்பதுதான் நடந்ததைச் சொல்லும் என்பார்.

"நிச்சயமா தெரியுமா உனக்கு? பழசுதான்னு?"

கீழே லாரிகள் நிற்கின்றன. ஏதோ பன்றித் தாடைக்காக ஒரு நாள் வேலையைக் கெடுத்தாள் என்று பெயர் வாங்கினால் அதோடு என் பிழைப்பு போயிற்று. ஆனாலும் இல்லாததை எப்படிச் சொல்வது? "நிச்சயமில்ல அண்ணே," என்றேன்.

"வெடிச்சுட்டா, அப்புறம் நிச்சயம் பண்ணிக்க முடியுமா?"

"முடியாது."

"அப்ப நிறுத்த வேண்டியதுதான்," என்று இறங்க ஆரம்பித்துவிட்டார்.

பிள்ளைகளே, என் வேலைக்காலத்தில் கூட்டங்களில் எத்தனையோ பேர் எத்தனையோ நேரம் பேசக் கேட்டிருக்கிறேன். முடிவெடுக்க இதைவிட நல்ல வழியை எவரும் எனக்குக் காட்டவில்லை. எது நிச்சயம் என்று தெரியாத நேரத்தில், எதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது என்று பாருங்கள்.

முடிவெடுப்பது அவருக்குச் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. மகளுடைய படிப்பு முடிய இன்னும் ஓராண்டு பாக்கி. பெரிய முதலாளி ஒதுங்கி, வெளிநாட்டில் படித்து வந்த மகன் பொறுப்பேற்றிருந்த நேரம். ஃபோசில் என்ற பெயரை வைத்ததே அந்த மகன்தான். கெட்ட பிள்ளை இல்லை. எல்லாவற்றையும் சீக்கிரம் மாற்றவேண்டும் என்ற துடிப்பு. அண்ணன் அவருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் நான் கேட்டேன்.

"அங்கிள், ரோடு உடைஞ்சு கிடக்கு. ஆம்புலன்ஸ்கூட சுத்திப் போவுது. ஒரு பழைய பல்லுக்காகவா நிறுத்துறீங்க?"

"முன்னாடி உடைச்சுக் குவிச்ச கல்லு இருக்கு தம்பி. அத இப்பவே ஏத்தி விடுறேன். பத்தாததுக்கு லகாட் பக்கத்துக் குவாரியில வாங்கிக் குடுக்கலாம்."

"அது நட்டம் அங்கிள்."

"நட்டந்தான். இல்லேன்னு சொல்லல."

மகன் விடவில்லை. "தேங்காய் உடைச்சா பின்வாங்க மாட்டேன்னு சொல்றவரே நீங்கதானே? உங்க கான்ட்ராக்ட் பேப்பர் என் மேசை மேலதான் இருக்கு. நான் இன்னும் சைன் பண்ணல."

அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. மகளை நினைத்திருப்பார். நானாக இருந்தால் அந்த இடத்தில் தடுமாறியிருப்பேன். "சைன் பண்றதும் பண்ணாததும் உங்க இஷ்டம் தம்பி. வெடி இன்னிக்கு இல்ல," என்று சொல்லி வைத்துவிட்டார்.

முதலாளியைவிடப் பெரிய சிக்கல் அதற்குப் பிறகுதான். வேலையாட்கள் கொட்டகை முன்னால் கூடி நின்றார்கள். செய்தி அதற்குள் பரவிவிட்டது. வெடி வைக்கிறவர், நல்ல அனுபவசாலி, முன்னால் வந்தார்.

"அண்ணே, நாங்க வெடிக்கணும்னு சொல்லல. ஆனா தேங்காய் உடைச்சாச்சு. இப்ப நிறுத்திட்டு, நாளைக்கு எங்கள மேல ஏறச் சொன்னா யாரு ஏறுவா? நீங்க போட்ட சட்டந்தானே?"

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று அவர் கத்தியிருக்கலாம். நான் படித்தவள், என்னைப் பேசவிட்டு ஒதுங்கியும் இருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஆமா. நான் போட்ட சட்டந்தான். இன்னிக்கு நான்தான் மாத்துறேன். கடைக்குப் போயி இன்னொரு தேங்காய் வாங்கிட்டு வாங்க."

"இன்னொண்ணு எதுக்கு அண்ணே?"

"மொதத் தேங்காய் வெடிக்கு. ரெண்டாவது, என் மனசு மாறினதுக்கு. முனியாண்டி எத்தனை மனுஷன பாத்திருப்பாரு? மனசு மாறுற மனுஷன பாத்ததே இல்லியா?"

யாரோ சிரித்தார்கள். அதோடு இறுக்கம் தளர்ந்தது. மோட்டார் சைக்கிளில் போய்த் தேங்காய் வாங்கி வந்தார்கள். அண்ணன் அதை வாங்கி, என் கையில் கொடுத்தார்.

"நிறுத்தச் சொன்னது நீ. நீயே உடை."

அங்கே ஒரு பெண் தேங்காய் உடைத்ததே கிடையாது. வெடி வைக்கிறவர் மெல்ல, "பொம்பள உடைக்கலாமா அண்ணே?" என்றார்.

"இதுவரைக்கும் உடைச்சதில்ல. சட்டம் போட்ட பிறகு வெடியைக்கூட நிறுத்தினதில்ல. ரெண்டும் இன்னிக்கே ஆகட்டும் லா."

முதல் அடியில் தேங்காய் உடையாமல் என் கையிலிருந்து நழுவி, உருண்டு ஒரு லாரிக்காரர் காலடிக்குப் போய்விட்டது. டின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இரண்டாவது அடியில் உடைந்தது, சரி பாதியாகக்கூட இல்லை. ஆனால் உள்ளே வெள்ளைவெளேரென்று இருந்தது. வெடி வைக்கிறவர் முதல் சில்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அண்ணன் மலையைப் பார்த்து விசிலை ஊதினார். அன்றைக்கு யாரும் அந்த விசிலுக்குச் சிரிக்கவில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வந்து சேரும்வரை அண்ணன் ஒரு நாற்காலியை மேலே தூக்கி வரச் செய்து, அந்தப் பிளவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். "இப்ப அது எலும்பா, கல்லா?" என்று கேட்டார்.

பல்லின் மேற்பூச்சு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், எலும்பு அப்படியல்ல என்று சொன்னேன். மண்ணில் புதைந்ததும் அழுகுவதெல்லாம் அழுகிப்போகும். மலைக்குள் கசிகிற தண்ணீர் சுண்ணாம்பையும் மற்றவற்றையும் கொண்டுவந்து, எலும்பில் காலியாகிற ஒவ்வொரு நுண்ணிய இடத்திலும் வைத்துவிட்டுப் போகும். காலப்போக்கில் உள்ளே இருப்பதெல்லாம் புதுசு. உருவம் மட்டும் பழசு.

அண்ணன் பிளவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்ப மாறாம கிடக்கிறதுக்குப் பேரு ஃபோசில் இல்ல."

"இல்ல அண்ணே. ஒவ்வொரு துளியா மாறினதுதான் ஃபோசில். மாறாத எலும்பு அழுகிப் போயிடும்."

"அந்தத் தம்பி எனக்கு வச்ச பேரு பரவால்லியே," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். ஒப்பந்தம் போய்விடும் என்று இருவருக்குமே தெரியும்.

போகத்தான் செய்தது. கையெழுத்து விழவில்லை. அந்தத் தாடை ஓராங் ஊத்தானுடையதுதான் என்று பின்னால் உறுதியானது. மலையின் அந்த மூலையை வேலி போட்டு விட்டுவிட்டோம், இப்போது மாணவர்கள் வந்து பார்க்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்துக் கம்பெனி நாள்காட்டியில் அந்தத் தாடையின் படம் வந்தது, 'நமது பெருமை' என்ற தலைப்போடு. போட்டவர் அதே மகன்தான். அண்ணனுக்கு ஒரு பிரதி அனுப்பி வைத்தேன். அடுப்படியில் மாட்டியிருக்கிறார். மகள் படிப்பை முடித்தாள். அதற்காக அவர் ஓராண்டு ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்தார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் குறையாகப் பேசியதில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் ஆறவில்லை.

வேலையில் இருந்த மிச்ச நாட்களில், வெடி வைக்கிற ஒவ்வொரு காலையும் அவர் இரண்டு தேங்காய் வாங்கினார். ஒன்றை உடைத்துவிட்டு மற்றதை மேனேஜர் அறை அலமாரியில் வைப்பார். போகும்போது என்னிடம் அந்த அலமாரியைத்தான் காட்டினார். விசிலைக் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அதைத் தன்னோடு கொண்டுபோய்விட்டார்.

இரண்டாவது தேங்காயை நான் மேனேஜரான பிறகு உடைத்ததை உங்களில் சிலர் பார்த்தீர்கள். போன ஆண்டு, துளை போட்டவர் உள்ளே காலி மாதிரி இருக்கிறது என்றார், பாறைக்குள் பார்க்கிற உங்கள் புதுக் கருவி இல்லவே இல்லை என்றது. நான் நிறுத்தினேன். ஒரு நாள் வேலை போயிற்று. தோண்டிப் பார்த்தால் குகையும் இல்லை, தாடையும் இல்லை, கொஞ்சம் நொறுங்கிய கல், அவ்வளவுதான். கருவி சொன்னதே சரி. ஃபோசில் என்ற பெயர் அன்று சாயங்காலம்தான் வாட்ஸ்அப்பில் ஏறியது என்று கேள்விப்பட்டேன். அதே கல், அதே தகவல் மறுபடி என் முன்னால் வந்தால் மறுபடியும் நிறுத்துவேன். ஒவ்வொரு தடவையும் தாடை கிடைக்கும் என்று எதிர்பார்த்தால் இந்த வேலைக்கு வராதீர்கள்.

போன வாரம் அண்ணனைப் பார்க்கச் சித்தியவானுக்குப் போயிருந்தேன். காது மந்தம், ஆனால் வாய் அப்படியே இருக்கிறது. எனக்கும் ஃபோசில் என்று பெயர் வைத்துவிட்டார்கள் அண்ணே என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பேரு சும்மா கிடைக்காதே," என்றார். "எதை நிறுத்தினே?"

சொன்னேன், ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்து. "நல்லது," என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். இத்தனை ஆண்டு வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரியது.

நான் சாவியை ஒப்படைத்துவிட்டேன். மேனேஜர் அறையில் இடது பக்க அலமாரி, கீழ்த் தட்டு. தேங்காய் நேற்றுத்தான் வாங்கி வைத்தது. யாரும் சம்பல் அரைக்க எடுத்துவிடாதீர்கள்.